முதுகும் நடையும்: குதிரை பழகுவோர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் குதிரை பழகுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நம்மிடையே உள்ள மூத்த பயிற்சியாளர் பதிலளிக்கிறார்.

எல்பில் தோட்டத்து வாசகர்: ஐயா, ஐஸ்லாந்துக் குதிரை டோல்ட் என்னும் அதற்கே உரிய மென்மையான நடையில் போகும்போது சவாரி செய்பவர் குலுங்குவதே இல்லை. முதுகுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. டிராட் நடையில் குறுக்கெதிராக உள்ள முன்காலும் பின்காலும் சேர்ந்து ஊன்றும். பேஸ் நடையில் ஒரே பக்கத்து இரு கால்களும் சேர்ந்து ஊன்றும். டோல்ட், அமெரிக்க இனமான டென்னசி வாக்கிங் குதிரையின் ரன்னிங் வாக் என்னும் நடை ஆகியவை இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ளவை. நான்கு கால்களும் தனித்தனியே ஊன்றும். டோல்டில் ஒரு காலாவது எப்போதும் தரையில் இருப்பதால் துள்ளல் எழுவதில்லை. தோளை மார்போடு இணைக்கும் காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. அதன் மார்புக்கூடு இரு தோள்களுக்கும் நடுவே தசைகளால் தூளியைப் போலத் தாங்கப்படுகிறது. அத்தசைகளும் வயிற்றுத் தசைகளும் வேலை செய்து முதுகு மேலெழுந்தால் நடை பெரும்பாலும் டிராட் பக்கம் சாயும். முதுகு குழிந்து விறைத்தால் பேஸ் பக்கம் சாயும். நல்ல ரன்னிங் வாக்குக்கு ஏறக்குறைய மட்டமான, இளகிய முதுகு வேண்டும்.

தாப்பா வாசகர்: கடிவாளத்தை இழுத்துத் தலையைத் தூக்கி வைத்தால் டோல்ட் வருமா?

டோல்டைப் போன்ற ஒன்று வரும். தலை வலிந்து உயரும்போது முதுகு தொய்கிறது. பின்கால்கள் உடலுக்கு அடியில் வராமல் பின்தங்குகின்றன. நாளடைவில் முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசும் அபாயமும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

தைப்பிங், உயிரியல் ஆசிரியர்: நடையைத் தீர்மானிப்பது மரபணு என்று 2012இலேயே தெரிந்துவிட்டது. பிறகு முதுகைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

(கோலகங்சார் வாசகர் குறுக்கிட்டு: ஆசிரியர் ஐயா, ஒரே குதிரை காலையில் டோல்டிலும் மாலையில் பேஸிலும் போகிறதே, அதற்குள் மரபணுவா மாறிவிட்டது?)

இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். சுவீடன் ஆய்வாளர்கள் முன்னின்று கண்டறிந்தது டிஎம்ஆர்டி3 என்னும் மரபணுவில் உள்ள ஒரேயொரு எழுத்து மாற்றம். தண்டுவடத்தில் கால்களின் அசைவை ஒருங்கிணைக்கும் நரம்பணுக்களை அது பாதிக்கிறது. அது இல்லாத குதிரைக்கு டோல்ட் கற்றுத்தர முயல்வது பெரும்பாலும் வீண். ஈப்போ பந்தயத் திடலிலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் இனக் குதிரைகளில் இந்த மாற்றம் பொதுவாக இல்லாததால், அவற்றை வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அமெரிக்க ஸ்டாண்டர்ட்பிரெட் இனத்தில் டிராட் ஓடுபவை, பேஸ் ஓடுபவை ஆகிய இரு வகையிலும் ஏறக்குறைய எல்லாக் குதிரைகளும் அதே மாற்றத்தைத் தாய்வழியிலும் தந்தைவழியிலும் பெற்று இரட்டையாகச் சுமக்கின்றன. மரபணு நடைகளுக்கான வாசலைத் திறந்துவிடுகிறது. அதன்பின் அந்த நேரத்தில் எந்த நடை வெளிப்படும் என்பதில் பயிற்சி, வேகம், களைப்பு, முதுகின் நிலை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. மாலையில் களைத்த குதிரை முதுகைத் தொய்யவிட்டால் பேஸ் வருவதில் வியப்பில்லை.

பீடோர் வாசகர்: தலையை உயர்த்திக் கட்டினால் நடை சீக்கிரம் அமையுமா?

தாப்பா வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள். கட்டவே கூடாது.

சலாக் வடக்கு வாசகி: குதிரை இறக்குமதிக்கு எத்தனை வெள்ளி ஆகும்?

கால்நடைச் சேவைத் துறையிடம் கேளுங்கள் அம்மா.

லிந்தாங் தோட்டத்து வாசகர்: எங்கள் குதிரை பேஸிலேயே போகிறது. எங்கிருந்து தொடங்குவது?

சேணத்திலிருந்து. சவாரி செய்பவரின் எடை கடைசி விலா எலும்பைத் தாண்டிப் பின்னால் விழக்கூடாது; எத்தனை முறை கேட்டாலும் இதை முதலில் சொல்வேன். சேணத்தை இறக்கியதும் வியர்வையைப் பாருங்கள். நம் வெயிலில் முதுகு முழுவதும் நனைந்திருக்க, உள்ளங்கையளவு இடம் மட்டும் காய்ந்திருந்தால் பெரும்பாலும் அங்கே அழுத்தம் இருக்கிறது. பிறகு தோள்மேட்டிலிருந்து இடுப்பு வரை விரல் நுனியால் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது குதிரை முதுகைச் சட்டென்று தாழ்த்தினாலோ காதை மடக்கினாலோ சவாரியை நிறுத்திக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லையென்றால், வெயில் ஏறுமுன் செம்பனைச் சாலையில் தலையைத் தளரவிட்டு மெதுநடையில் கூட்டிச் செல்லுங்கள். தரையில் கிடத்திய கட்டைகளைத் தாண்டி நடக்கவிடுங்கள். ஒவ்வொரு காலையும் தனித்தனியே தூக்கி வைக்கும்போது பக்கக் கால்களின் பிணைப்பு தளரும். நடை கலையத் தொடங்கினால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.