குழந்தைக்கு வலிக்குமா? – கடிதம்

வணக்கம்,

சென்ற ஐப்பசியில் என் அம்மா இறந்துபோனார். நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன், அறிவியலை நம்புபவன். துக்கம் என்பது கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் கூடுவதும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதும்தான், சில மாதங்களில் சீராகிவிடும் என்று நண்பன் சொன்னான். முதலில் ஆறுதலாக இருந்தது. இப்போது அதை நினைத்தாலே வெறுமையாக இருக்கிறது. மனம் என்று ஒன்று உண்டா, இல்லை எல்லாம் மூளைதானா? குவாண்டம் இயற்பியல் மனதை நிரூபித்துவிட்டதாக ஒரு காணொளி சொல்கிறது. உண்மையா? தியானம் பழகலாமா? எந்த நூலிலிருந்து தொடங்குவது? உணர்ச்சிவசப்பட்டு எழுதியதற்கு மன்னிக்கவும்.

ச.

அன்புள்ள ச,

எதற்கு மன்னிப்பு? கடிதத்தைச் சுருக்கித்தான் இட்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பியதில் கார்ட்டிசோல் பற்றி ஒரு நீண்ட பத்தியே இருந்தது. அம்மா எப்படிப்பட்டவர், உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று ஒரு வரிகூட இல்லை. அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை, அழுததற்கு மன்னிப்புக் கேட்கிறான். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

குவாண்டம் காணொளியை விட்டுவிடுங்கள். அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. இயற்பியலிடம் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் என் மனதை நான் நம்புவேன் என்று நினைக்கிறீர்களே, உங்கள் நண்பரைப் பிடித்திருப்பதும் அதே நோய்தான். துக்கத்தில் ஹார்மோன்கள் மாறுகின்றன, சரி. மூளை கெட்டால் மனமும் கெடுகிறது, அதுவும் சரி. இதில் எனக்குச் சண்டை இல்லை.

கொஞ்ச நாட்களாக நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் நேராக அதில் வந்து முட்டியது. 1980களிலும் மேலைநாட்டுப் பெரிய மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்தோ வலிநீக்கியோ இல்லாமல் அறுவை சிகிச்சை நடந்தது உங்களுக்குத் தெரியுமா? அசையாமலிருக்கத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து உண்டு. அதோடு சில இடங்களில் லேசாக மயக்கும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம். அவ்வளவுதான். நெஞ்சைத் திறந்து இதயத்தருகே ரத்தக்குழாயைக் கட்டுவதும் அப்படித்தான்.

செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். பச்சைக் குழந்தையின் உடல் மயக்க மருந்தைத் தாங்காது என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குத் துணையாக இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. நரம்புகள் முழுதாக வளரவில்லை, அழுகை வெறும் அனிச்சைச் செயல், ஆகவே வலி என்று எதுவும் இல்லை. ஊசி குத்தினாலே குழந்தை வீறிடுகிறது. படித்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே, உள்ளே யாரும் இல்லை என்று நம்புகிறார்கள்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த். அறுவை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பிய குழந்தைகளின் நிலை அவரை உறுத்தியது. ஃபென்டனில் என்ற வலிநீக்கியைச் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளையும் அது இல்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டார். ஃபென்டனில் பெறாதவர்களின் உடலில் அழுத்த ஹார்மோன்கள் மிகவும் ஏறியிருந்தன. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்குத்தான் அதிகம். 1987ல் இந்த ஆய்வு வெளிவந்த பிறகே மருத்துவ உலகம் மெல்ல மாறியது.

பார்த்தீர்களா, அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொண்டது என்பார் உங்கள் நண்பர். ஆம், அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் எது முதலில் வந்தது? அந்தக் குழந்தைகளைப் பார்த்து ஒரு மனிதர் கலங்கியது முதலில். ஹார்மோன் கணக்கு அப்புறம். அந்தக் கலக்கம் இல்லையென்றால் அளக்க வேண்டும் என்றே தோன்றியிருக்காது. அளந்தபோதும் அவர் கையில் கிடைத்தது ஹார்மோனின் அளவு. வலியைப் பட்டது குழந்தை.

என் அக்கா மகன் குறைமாதத்தில் பிறந்தவன். கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான், என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய முதுகு. தினமும் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்று அழுவாள். “அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டு நடந்தார். அங்கே வயதான சிஸ்டர் ஒருவர் இருந்தார். ஊசி வரும்போதெல்லாம் அவன் கைகால்களை மடக்கித் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டு, “இதோ முடிஞ்சிடுச்சு ராஜா, முடிஞ்சிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவன் சீக்கிரம் அடங்கிவிடுவான். உள்ளே ஒருவன் இருக்கிறான் என்பதில் அந்த சிஸ்டருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

நிறமும் சுவையும் மணமும் உணர்பவனுக்குள்தான் இருக்கின்றன என்று 1623ல் கலிலியோ எழுதினார். இயற்பியல் அவற்றை ஒதுக்கிவைத்து, எண்ணில் அடங்குவதை மட்டும் எடுத்துக்கொண்டது. வேலைக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு, பிரமாதமாகப் பலித்தது. பிறகு வந்தவர்கள் ஒதுக்கிவைத்ததை இல்லாததாகவே ஆக்கிவிட்டார்கள். உளவியல் உணர்வுநிலையைப் பற்றிப் பேசுவதையே விட வேண்டும் என்று 1913ல் அறிவித்தார் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன். அதே மனிதர் 1928ல் தாய்மார்களுக்கு அறிவுரை எழுதினார்: குழந்தையைக் கட்டியணைக்காதீர்கள், மடியில் உட்கார வைக்காதீர்கள், காலையில் கைகுலுக்குங்கள். அறிவியல்பூர்வமான வளர்ப்பு என்று நம்பி அதைப் படித்தார்கள்.

உங்கள் நண்பர் உங்களிடம் செய்ததும் இதுதான், ச. அவருக்கு உங்கள் மேல் அன்பு இருக்கலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து “அம்மா எப்படிப் போனாங்க?” என்று கேட்காமல் ரத்தப் பரிசோதனை முடிவை வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். நீங்களும் அதை வாங்கிவைத்துக்கொண்டு, உங்கள் அழுகையை நீங்களே அனிச்சைச் செயல் என்கிறீர்கள். செய்யாதீர்கள்.

தியானம் இப்போது வேண்டாம். துக்கத்திலிருந்து தப்பிக்க அதில் உட்காருவீர்கள். நூல் என்றால் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். மருத்துவம் படித்தவர், உடலியல் கற்பித்தவர், அதனால் அறிவியலுக்குப் புறம்பானது என்று உங்களுக்குக் கூச்சமும் இருக்காது. சமய அனுபவங்களைப் பற்றி 1902ல் நூலாக வந்த அவரது உரைகளைப் படியுங்கள். நிதானமாகப் படிக்கலாம், அவசரமில்லை. அதற்கு முன்னால் உங்கள் அம்மாவைப் பற்றி எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை. அதைத் தளத்தில் போட மாட்டேன்.

அன்புடன்