பழைய கரையும் அதன் பின்னால் ஊறும் நீரும்: சில கேள்விகள், பதில்கள்

கடலூர், புதுச்சேரிப் பகுதியிலிருந்து வந்த கேள்விகளுக்கு, பாசனப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் எழுதிய பதில்கள் இவை.

கேள்வி (திட்டக்குடி விவசாயி): ஐயா, எங்கள் வெலிங்டன் நீர்த்தேக்கம் நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. வயதான அணை என்பதால் நாங்கள் அஞ்ச வேண்டுமா?

பதில்: வயதை மட்டும் வைத்து ஒரு மண் அணையை எடை போட வேண்டாம். 1913இல் தொடங்கி 1923இல் முடிந்த உங்கள் அணையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த வீராணம் ஏரி, பராந்தக சோழன் காலத்தது. இன்றும் அது சென்னைக்குக் குடிநீர் தருகிறது. உங்கள் அணை நிற்கும் கீழச்செருவாயில் வயதைவிட மண்தான் பெரிய சிக்கல். களிமண் கரை ஆதலால் அதன் ஒரு பகுதி அமிழ்வதும் சரிவதும், பிறகு சீரமைக்கப்படுவதும் நெடுங்காலமாகத் தொடர்கின்றன. இத்தகைய கரைக்கு, நிரம்பி நிற்கும் நாள்களைப் போலவே நீர்மட்டம் வேகமாக இறங்கும் நாள்களும் ஆபத்தானவை. கரையை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்த நீர் போய்விடும். மண்ணுக்குள் ஊறிய நீர் வடிவதற்கு நேரம் கிடைக்காது. அப்போது நீர்ப்பக்கச் சரிவு வழுக்கிக்கொண்டு இறங்கும். கரையின் மேல் நீளவாக்கில் வெடிப்பு தெரிந்தால் அது இந்தச் சரிவின் தொடக்கமாக இருக்கலாம். குறுக்குவாக்கில் வெடித்திருந்தால் இன்னும் அவசரம், ஏனென்றால் அடுத்த முறை ஏரி நிரம்பும்போது நீர் அதையே வழியாக்கிக்கொள்ளும்.

கேள்வி (பாகூர் வாசகி): எங்கள் ஊர் ஏரிக்கரையின் பின்புறம், மதகுக்கு அருகில் எப்போதும் ஈரமாக இருக்கிறது. கோரைப்புல்லும் முளைத்திருக்கிறது. இது உடைப்புக்கு அறிகுறியா?

பதில்: கசியாத மண் கரை என்று ஒன்று இல்லை. கசிவு எவ்வளவு, அது தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்பவையே கேள்வி. ஒரு கண்ணாடிக் குவளையில் அந்த நீரைப் பிடித்து, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால், கரைக்குள்ளிருந்து மண் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே ஒரு குழாய் பின்னோக்கி அரித்துக்கொண்டே போகிறது. அது ஏரி நீரைத் தொட்டுவிட்டால் உடைப்புக்குச் சில மணி நேரம் போதும்.

மதகை ஒட்டிய இடம் என்பதால் இரட்டிப்புக் கவனம் தேவை. கட்டுமானமும் மண்ணும் சேரும் இடத்தில் மண்ணை நன்றாக இறுக்குவது கடினம். நான் இளநிலைப் பொறியாளராக இருந்தபோது, ஒரு ஐப்பசி இரவில், ஒரு சிற்றேரியின் மதகுச் சுவரோரம் விரல் பருமனில் ஊற்று ஒன்று கிளம்பியது. விளக்கு வெளிச்சத்தில் நீர் தெளிவாகத்தான் தெரிந்தது. உள்ளங்கையில் ஏந்தித் தேய்த்துப் பார்த்த லஸ்கர்தான் (மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் பணியாளர்), "நறநறவென்று இருக்கிறது ஐயா" என்றார். அந்தச் சொல்தான் அன்று ஊரைக் காப்பாற்றியது.

அப்படிப்பட்ட ஊற்றைக் களிமண்ணால் அடைக்கவே கூடாது. அடைத்த நீர் வேறு இடத்தில், இன்னும் வேகமாகக் கிளம்பும். ஊற்றின் மேல் முதலில் மணல், அதன்மேல் பொடிச்சல்லி, அதற்கும் மேல் பெருஞ்சல்லி எனப் பரப்பினால் நீர் போகும், மண் நிற்கும். ஊற்று வேகமாகப் பொங்கினால், சுற்றிலும் மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே நீரைக் கொஞ்சம் தேங்க விட்டு வேகத்தைக் குறையுங்கள். அதே நேரத்தில் ஏரியின் மட்டத்தை இறக்கும் வேலையும் தொடங்கிவிட வேண்டும்.

கேள்வி (அதே வாசகி): அளவு கூடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கசிவு ஓடும் சிறு கால்வாயில், செங்கோணமாக வெட்டிய 'வி' வடிவப் பலகை ஒன்றைப் பதிக்கச் சொல்லுங்கள். வெட்டின் அடிமுனையிலிருந்து நீர் 5 சென்டிமீட்டர் உயரத்தில் ஓடினால் விநாடிக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர். அதுவே 10 சென்டிமீட்டர் ஆனால் நான்கு லிட்டருக்கும் அதிகம். ஏரியின் மட்டத்தையும் அருகிலேயே எழுதி வர வேண்டும். மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் ஏறினால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (பண்ருட்டி ஆசிரியர்): 182 ஆண்டுகள் நின்ற முக்கொம்பு மேலணையும் 2018இல் உடைந்தது, தென்பெண்ணையில் புதிதாகக் கட்டிய தளவானூர் தடுப்பணையும் 2021 ஜனவரியில் உடைந்தது. அப்படியானால் எதை நம்புவது?

பதில்: முக்கொம்பில் கொள்ளிடத்தின் 45 மதகுகளில் 9 விழுந்தன, தளவானூரில் கட்டித் திறந்த சில மாதங்களிலேயே கரையோரச் சுவர் போயிற்று. இரண்டும் ஆற்றுமணல் மேல் நிற்பவை. மணலில் நிற்கும் கட்டுமானத்தை நீர் அடியிலும் ஓரத்திலும் அரிக்கும். மேலே தெரியும் சுவர் கடைசியில்தான் விழும். ஆகவே ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கீழ்ப்புறத் தளத்தையும் இரு முனைகளையும் பார்த்தாக வேண்டும். தடுப்பணையை ஒட்டி மணல் அள்ளுவோரை ஊர் தடுக்காவிட்டால், எந்தப் பொறியாளராலும் அதைக் காக்க முடியாது.

கேள்வி (நெட்டப்பாக்கம் இளைஞர்): கரையில் மண்டிய சீமைக் கருவேலத்தை வெட்டிவிடலாமா?

பதில்: செடியாக இருக்கும்போதே பிடுங்குங்கள். பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டால், அது மக்கிய இடம் நீருக்குச் சுரங்கமாகும். நீர் வற்றிய மாதத்தில் வேரோடு தோண்டி, அடுக்கடுக்காக மண் இட்டு, நனைத்து, இடித்து இறுக்க வேண்டும். எலி வளைகளுக்கும் இதே முறைதான்.

கேள்வி (விருத்தாசலம் விவசாயி): கூடுதல் நீர் நிற்பதற்காகக் கலிங்கின் (ஏரியின் மிகைநீர் வழிந்து வெளியேறும் சுவர்) மேல் மணல் மூட்டை அடுக்குகிறோம். தவறா?

பதில்: பெருந்தவறு. ஒரு போகத்துக்கான நீருக்காக ஊரையே பணயம் வைக்கிறீர்கள். கலிங்குக்கும் கரையின் உச்சிக்கும் உள்ள இடைவெளி, பெருமழை இரவுக்காக விட்டது. மண் கரையின் மேல் நீர் வழிந்தால் கரை நிற்காது. 1979இல் குஜராத்தின் மச்சு அணை அப்படித்தான் உடைந்து மோர்பி நகரை அழித்தது. அந்த மூட்டைகளை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

கேள்வி (கடலூர் முதுநகர் வாசகர்): 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் சிறு தடுப்பணைக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 15 மீட்டரைத் தாண்டிய அணைகளும், 10 முதல் 15 மீட்டர் உயரத்தில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவையும் மட்டுமே அதில் அடங்கும். அவற்றுக்கு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு கட்டாயம். சிறியவற்றை ஊரார்தான் அதே இரு பருவங்களில் நடந்து பார்க்க வேண்டும். நீர்வளத் துறைக்கு மனு எழுதும்போது "கரை பழுது" என்று மட்டும் எழுதாதீர்கள். மதகிலிருந்து எத்தனை அடி, அன்றைய நீர்மட்டம் எவ்வளவு, நீர் தெளிவா கலங்கலா என்று எழுதி, வெடிப்பின் அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து இணையுங்கள்.