ஒரே வீடியோ கேமுக்கு நாட்டுக்கு நாடு ஏன் வேறு விலை?

ஒரே கேமை ஆன்லைன் கடைகள் ஒவ்வொரு நாட்டிலும் வேறு விலைக்கு விற்பதுதான் வட்டார விலை. இன்னொருவர் டவுன்லோடு செய்வதால் கம்பெனிக்குப் பெரிய செலவில்லை. அந்த நாட்டு வருமானத்துக்கேற்ப விலையை இறக்கினாலும் லாபம்தான்.

புதுச்சேரியில் சரக்கு மலிவு, கடலூரில் விலை அதிகம். சரக்கு விலைக்குக் காரணம் வரி, கேம் விலைக்கு வருமானம். ஆனால் பாட்டிலோடு பஸ் ஏறினால் ஆல்பேட்டை செக்போஸ்டில் மாட்டலாம் இல்லையா? கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமிலும் அப்படி ஒரு செக்போஸ்ட் உண்டு: ஒரு நாட்டு விலையில் வாங்க அந்த நாட்டுக் கார்டு மாதிரி பணம் கட்டும் வழி வேண்டும், நாட்டை ஒருமுறை மாற்றினால் மூன்று மாதம் மறுபடி மாற்ற முடியாது. நாணய மதிப்பு ஆட்டம் கண்ட அர்ஜென்டினாவுக்கும் துருக்கிக்கும் 2023 நவம்பரில் டாலர் விலையே வந்துவிட்டது. பாவம், உள்ளூர்ப் பிள்ளைகள்.

விலை கூடினால் பலரும் ஸ்டீமைத் திட்டுகிறார்கள். அது பரிந்துரைதான் தரும், விலையை வைப்பது கேமை வெளியிடும் நிறுவனம்.