சாவித்திரியின் முதல் ஏழு ஆண்டுகள்: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

சாட்ஸ்வர்த்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் மாதக் கடைசி ஞாயிறு பழைய படம் ஒன்று போடுகிறோம். அடுத்த மூன்று மாதமும் சாவித்திரியின் தொடக்ககாலப் படங்கள் என்று முடிவாகியிருக்கிறது. அதில்தான் குழப்பம். 'தேவதாஸ்' வந்ததும் ஒரே நாளில் நட்சத்திரமாகிவிட்டார் என்கிறார்கள் பெரியவர்கள். இல்லை, 'மிஸ்ஸியம்மா'தான் என்கிறார்கள் வேறு சிலர். 2018-இல் வந்த, அவர் வாழ்க்கையைச் சொல்லும் 'நடிகையர் திலகம்' பார்த்த பிள்ளைகளோ, முதல் படத்திலேயே நடிக்கத் தெரியாமல் வாய்ப்பை இழந்தவர் எப்படி இவ்வளவு பெரிய நடிகையானார் என்று கேட்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் தெலுங்குக் குடும்பம். தெலுங்குப் படம்தான் அசல், தமிழ்ப் படம் டப்பிங் என்பது அவர்கள் கட்சி. பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் அரைகுறை. எந்தப் படங்களை, எந்த வரிசையில் போடலாம்? போன மாதம் போட்ட படத்தில் முகமெல்லாம் அகலமாகவும் குரல் கீச்சென்றும் இருந்தன. அதற்கும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

ச. ம., சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள ச. ம. அவர்களுக்கு,

வணக்கம். ஒரே நாளில் நடந்த எதுவும் சாவித்திரியின் தொடக்கத்தில் இல்லை. 1950-இலிருந்து 1957 வரை அவருக்குக் கிடைத்த இடங்களை வரிசையாக வைத்தால் பேச்சே அதிகம் இல்லாத சிறு வேடம், ஒரு நடனம், இரண்டாம் கதாநாயகி, துயரக் கதாநாயகி, எதிர்மறைப் பாத்திரம், நகைச்சுவைக் கதாநாயகி, ஒரே உடலில் இரண்டு பாத்திரம் என்று போகும். உங்கள் மூன்று மாதத் திட்டத்துக்கும் இந்த வரிசைதான் சரி.

பிள்ளைகள் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் படம் எல்.வி. பிரசாத் இயக்கிய 'சம்சாரம்' (1950, தெலுங்கு). குண்டூர் மாவட்டத்துச் சிர்ராவூரில் பிறந்து, விஜயவாடாவில் நடனமும் நாடகமும் கற்று வந்த பதின்வயதுப் பெண்ணுக்கு அதில் பெரிய வேடமே கிடைத்தது. எதிரே தெலுங்கு நட்சத்திரம் நாகேஸ்வர ராவ். அந்தப் பரபரப்பில் டேக் மேல் டேக் ஆனது. வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, இவருக்கு அதே படத்தில் சிறு வேடம் ஒன்றைத் தந்தார்கள். இதை 'நடிக்கத் தெரியவில்லை' என்று சுருக்கிவிடக் கூடாது. 35 எம்.எம். படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்தச் சுருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள். மேடையில் வசனம் தடுமாறினால் அடுத்த வரியில் சமாளித்துக்கொள்ளலாம். கேமரா முன்னால் அதற்கு இடமில்லை, ஒவ்வொரு தடுமாற்றமும் அடிக்கணக்கில் பணம். மேடையிலிருந்து வந்த பலரும் முதலில் இடறியது இங்கேதான். அதே எல்.வி. பிரசாத் இரண்டே ஆண்டில் அவரை மறுபடி அழைத்தார் என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

நடுவில் 1951-இல் விஜயா நிறுவனத்தின் 'பாதாள பைரவி' வந்தது. இயக்கம் கே.வி. ரெட்டி, ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. கதாநாயகி மாலதி. சாவித்திரி வருவது ஒரு நடனத்தில் மட்டும். அடுத்து 1952-இல் பிரசாத் இயக்கிய 'பெள்ளி சேசி சூடு', தமிழில் 'கல்யாணம் பண்ணிப் பார்'. அதில் ஜி. வரலட்சுமிதான் நாயகி, இவர் இரண்டாம் இடம். இந்த இரண்டு படங்களையும் முழுசாகப் போட வேண்டாம். நடனத்தையும், 'கல்யாணம் பண்ணிப் பா'ரில் அவர் வரும் ஒன்றிரண்டு காட்சிகளையும் வெட்டி எடுத்துப் பத்து நிமிடத்துக்குள் காட்டுங்கள். நடனத்தில் கண்ணும் புருவமும் பழகியிருப்பதும், வசனக் காட்சியில் அதே புருவம் இன்னும் மேடை அளவுக்கு உயர்வதும் அடுத்தடுத்துப் பார்த்தால் தெரியும்.

பெரியவர்கள் 'தேவதாஸ்' என்பதில் நியாயம் உண்டு. முதல் மாதப் படமும் அதுதான். 1953-இல் வேதாந்தம் ராகவய்யா இயக்கியது. தெலுங்குப் படம் ஜூனிலும் தமிழ்ப் படம் செப்டம்பரிலும் வந்தன. சரத் சந்திரர் நாவலின் பார்வதிக்குத் துள்ளும் சிறுபெண்ணாகத் தொடங்கி, வயதானவரின் இரண்டாம் மனைவியாகி, ஒரு பெரிய வீட்டை நடத்தும் பெண்ணாக முடியும் வயது வளர்ச்சி இருக்கிறது. பார்வையாளர்கள் பெரும்பாலும் 'உலகே மாயம்' பாட்டையும் நாகேஸ்வர ராவின் குடியையும்தான் நினைவில் வைத்திருப்பார்கள். நீங்கள் சாவித்திரி பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் இடங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். எதிராளி பேசும்போது அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக முகத்தில் இறங்குவதுதான் அவருடைய தனித் திறமை என்பது என் முடிவு. அது முதன்முதலில் முழுமையாகத் தெரிவது இந்தப் படத்தில். அதே ஆண்டு பி. புல்லய்யாவின் 'மனம்போல் மாங்கல்யம்' ஜெமினி கணேசனோடு வந்தது. நேரம் இருந்தால் ஒரு காட்சி போடலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை.

இப்போது அசல், டப்பிங் சண்டைக்கு வருவோம். 'தேவதாஸ்', 'மிஸ்ஸியம்மா', 'மாயாபஜார்' மூன்றிலும் தமிழ் டப்பிங் இல்லை. மூன்றும் இரண்டு மொழியிலும் தனித்தனியாகப் படமாக்கப்பட்டவை. இருமொழிப் படத்தில் செட் ஒன்று, உடை ஒன்று, கேமராக் கோணமும் பெரும்பாலும் ஒன்று. ஒரு மொழியில் ஷாட் ஓகே ஆனதும் அதையே அடுத்த மொழியில் எடுப்பார்கள். நிரூபிக்க எளிய வழி உண்டு. வசனத்தைக் கேட்டபடியே உதடுகளைப் பாருங்கள். 'ப', 'ம' எழுத்துகளுக்கு உதடு மூடியே ஆக வேண்டும். நெருக்கக் காட்சி ஒன்றை எடுத்து, இரண்டு மொழியிலும் வேறுபடும், இந்த எழுத்துகள் உள்ள சொற்கள் வரும் இடங்களில் உதடு மூடுகிறதா என்று இரண்டு மொழியிலும் சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் மூடினால் அந்த மொழியில் நடித்தது, மூடாவிட்டால் குரல் மட்டும் மாற்றியது. இணையத்தில் கிடைக்கும் 'சாவித்திரியின் தமிழ்ப் படங்கள்' பட்டியல்களில் டப்பிங் படங்களும் கலந்திருக்கின்றன. தேர்வுக்கு முன் இந்தச் சோதனை அவசியம். 1941-இல் வந்த 'சாவித்திரி' என்ற படமும் தேடலில் தலைகாட்டும். அது புராணக் கதை, எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடித்தது. நம் நடிகைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய 'ட்ரூரோ' கப்பல் வந்து சேர்ந்த நாள் முதல் தமிழரும் தெலுங்கரும் சேர்ந்தே வாழும் ஊர் நம்முடையது. சாவித்திரி தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு தமிழில் வளர்ந்த நடிகை. கட்சி பிரிய வேண்டிய இடமே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அதற்கு ஏற்ற படம், இரண்டாம் மாதத்துக்கான 'மிஸ்ஸியம்மா'. இதற்கு முந்தைய ஆண்டு விஜயாவின் 'சந்திரஹாரம்' பெரும் செலவில் எடுத்துத் தோற்றது. சாவித்திரிக்கு அதில் எதிர்மறை வேடம். அடுத்த படத்தைச் செலவு குறைவான குடும்ப நகைச்சுவையாக எடுக்க விஜயாவை நடத்திய நாகிரெட்டியும் சக்ரபாணியும் தீர்மானித்தார்கள். நாயகி மேரியாகப் பி. பானுமதி, இரண்டாம் நாயகியாகச் சாவித்திரி என்பது முதல் ஏற்பாடு. நான்கு ரீல் எடுத்தபின் பானுமதிக்கும் சக்ரபாணிக்கும் மனத்தாங்கல் வந்து அவர் விலகினார். நான்கு ரீல் என்பது தொகுத்த கணக்கில் ஏறக்குறைய 40 நிமிடப் படம். அவ்வளவையும் தள்ளிவிட்டு, இரண்டாம் வேடத்துக்கு வைத்திருந்த பெண்ணை மேரியாக்கினார்கள். அந்த இரண்டாம் வேடம் ஜமுனாவுக்குப் போனது. 1955 பொங்கலையொட்டி இரண்டு மொழியிலும் வெளியானது. இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. விலகிய பானுமதி பாடகி, ஸ்டுடியோ முதலாளி, எதிரே யார் நின்றாலும் அசையாதவர். அவர் இடத்தில் ஒருவரை நிறுத்தும் துணிவு, அதே நிறுவனத்தில் நடனம், இரண்டாம் வேடம், எதிர்மறை வேடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருந்ததால்தான் வந்தது.

வேலையில்லாத இரண்டு ஆசிரியர்கள் சம்பளத்துக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் கதை. அவள் கிறிஸ்தவப் பெண், அவன் இந்து. அண்ணன் முருகனுக்குக் காவடி எடுக்க, தங்கை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வீடுகள் நம் ஊரில் நிறைய. பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டியிருக்காது.

தமிழ்ப் படத்தை முழுசாகப் போடுங்கள். முடிந்ததும் 'வாராயோ வெண்ணிலாவே' பாட்டை மறுபடி ஓட்டி, அடுத்துத் தெலுங்கின் 'ராவோயி சந்தமாமா'வைப் போடுங்கள். மெட்டு ஒன்று, எஸ். ராஜேஸ்வர ராவின் இசை. பாடியவர்களும் அதே ஏ.எம். ராஜா, பி. லீலா. நிலாவிடம் ஒருவரைப் பற்றி ஒருவர் புகார் சொல்லும் காட்சி. தமிழில் எதிரே ஜெமினி கணேசன், தெலுங்கில் என்.டி. ராமராவ். ஆள் மாறியதும் சாவித்திரியின் சலிப்பு எந்த அளவில் நிற்கிறது, தலையை எப்போது திருப்புகிறார், பார்வையை எங்கே விடுகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். துப்பறியும் வேடத்தில் தமிழில் தங்கவேலு, தெலுங்கில் நாகேஸ்வர ராவ். இருவருக்கும் நகைச்சுவைத் தாளம் வேறு. ஒரே நாயகி இரண்டு தாளத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. வேறு எந்தப் பயிற்சிக் கூடத்திலும் கிடைக்காத பயிற்சி அது.

மூன்றாம் மாதம் 'மாயாபஜார்' (1957). கே.வி. ரெட்டி, மார்கஸ் பார்ட்லி இருவரும் மறுபடி. தமிழில் வத்சலா, தெலுங்கில் சசிரேகா. கடோத்கஜன் அவள் உருவெடுத்து அரண்மனையில் உலவும் பகுதிதான் இந்த ஏழு ஆண்டின் உச்சம். பெண்ணின் உடல், உள்ளே அரக்கன். யாரும் பார்க்காத நொடியில் தோள் விரியும், கால் அகலும், நடை கனக்கும். ஆள் வந்ததும் சட்டென்று நாணம். அதை எஸ்.வி. ரங்கா ராவின் கடோத்கஜ நடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவருடைய தோள் அசைவையே இவர் எடுத்துக்கொண்டிருப்பார். தெலுங்குப் படத்துக்கு 2010-இல் வண்ணம் சேர்த்து வெளியிட்டார்கள். அதைத் தவிர்த்துவிடுங்கள். அகலத்திரைக்காகச் சட்டகத்தை மாற்றியிருக்கிறார்கள். பார்ட்லியின் நிலவொளிக்குக் கருப்பு வெள்ளையே வேண்டும்.

இனி முகம் அகலமானதற்கு வருகிறேன். அக்காலப் படங்களின் சட்டகம் ஏறக்குறைய 4:3. இன்றைய டிவியும் புரொஜெக்டரும் 16:9. இடைவெளியை நிரப்ப இயந்திரம் படத்தை இழுக்கும்போது அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். டிவியில் 'ஃபுல்', 'வைடு' என்று இருப்பதை '4:3' ஆக்குங்கள். கணினியில் விஎல்சி பிளேயர் என்றால் 'ஏ' விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தி '4:3' வரும்போது நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள். முகத்தை நம்பி நடித்த ஒருவரை இழுத்த படத்தில் பார்ப்பதைவிடப் பார்க்காமலே இருக்கலாம்.

குரல் கீச்சென்றதற்குக் காரணம் வேகம். சினிமா வினாடிக்கு 24 சட்டகம், நம் நாட்டு டிவியின் பால் (PAL) முறை 25. அந்த முறையில் பதிவுசெய்த பிரதி 4 சதவீதம் வேகமாக ஓடும். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்பே முடியும், சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். விஎல்சியில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். ஆனால் வேகம் குறைந்தாலும் சுருதி குறையாதபடி அந்த மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஆடியோ அமைப்பில் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' என்ற குறியை எடுத்துவிட்டால்தான் குரலும் இறங்கும். எல்லாப் பிரதிக்கும் இந்தக் கோளாறு இருக்காது. பாட்டின் இசைத்தட்டுப் பதிவோடு ஒத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஆங்கில வசன வரிகளுக்கும் இதே கணக்குதான். 25 சட்டகப் பிரதிக்குச் செய்த கோப்பை 24 சட்டகப் பிரதியில் போட்டால் தொடக்கத்தில் பொருந்தும், பத்தாவது நிமிடத்தில் 24 வினாடி விலகும், முடிவில் ஏழு நிமிடம் முந்திவிடும். முதல் காட்சியை மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம்; நடுவிலும் கடைசியிலும் ஒரு வசனம் பாருங்கள். பாட்டுகளுக்குப் பெரும்பாலும் வரிகளே இருக்காது. மொழி தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பே இரண்டு வாக்கியத்தில் கருத்தைச் சொல்லிவிடுவது நல்லது. தெலுங்குப் பகுதிக்கு ஆந்திர மகாசபையில் கேட்டால் ஆள் கிடைப்பார்கள்.

'தேவதாஸ்', 'மிஸ்ஸியம்மா', 'மாயாபஜார்' ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மணி நேரம். மதியம் இரண்டு மணிக்கே தொடங்கிவிடுங்கள். தேநீர் இடைவேளையை எங்கே விடுவது என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிரதியில் 'இடைவேளை' அட்டை பல நேரம் வெட்டப்பட்டிருக்கும். லோட் ஷெடிங் (மின்வெட்டு) அட்டவணை வந்திருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பொதுக் காட்சிக்கு உரிம அனுமதி வேண்டுமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

யாராவது 'களத்தூர் கண்ணம்மா'வும் 'பாசமல'ரும் எங்கே என்று கேட்பார்கள். அவை 1960, 1961. அப்போது அவர் தமிழின் முதல் வரிசை நடிகையாகிவிட்டார். இந்த வரிசையில் அவற்றைச் சேர்த்தால் தொடக்கம் எது என்பதே மறைந்துபோகும். அவற்றை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.