டாஹோ ஏரியில் டென்ட் போட எந்தக் கரை நல்லது?

சான் ஹோசேக்குக் குடிவந்து சில மாதங்களே ஆகின்றன, ஜூலையில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், இரண்டு சின்னப் பிள்ளைகளும் சேர்த்து ஆறு பேர், கலிஃபோர்னியா-நெவாடா எல்லையில் உள்ள டாஹோவில் ஏரியைப் பார்த்தபடி டென்ட் போட எந்தக் கேம்ப்கிரவுண்ட் நல்லது என்று கேட்டிருந்தீர்கள்.

"ஏரியைப் பார்த்தபடி" என்பதை முதலில் விட்டுவிடுங்கள். ஏரியைச் சுற்றி 72 மைல் கரை இருந்தாலும், டென்டுக்குள் இருந்தே தண்ணீர் தெரியும் சைட்டுகள் மிகச் சில. அவை புக்கிங் திறந்த சில நிமிடங்களில் போய்விடும். மற்றதெல்லாம் பைன் மரக் காட்டுக்குள்தான். அதனால் எந்தக் கரையில் தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். புதிதாக வருபவர்கள் படத்தில் பார்த்துவிட்டுத் தேடும் சாண்ட் ஹார்பர் பீச்சில் கேம்பிங்கே கிடையாது, பகலில் மட்டும்தான் அனுமதி.

கரையை முடிவு செய்வது காற்றும் வெயிலும். கோடையில் மதியத்துக்கு மேல் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று வீசும். ஏரி 22 மைல் நீளம், 12 மைல் அகலம். அவ்வளவு தூரம் தடையில்லாமல் வரும் காற்று கிழக்கு, வடகிழக்குக் கரைகளில் அலையை எழுப்பிவிடும். மேற்குக் கரைக்குப் பின்னால் மலை இருப்பதால் அங்கே தண்ணீர் அமைதியாக இருக்கும். ஆனால் அதே மலை மாலை வெயிலைச் சீக்கிரம் மறைத்துவிடும், குளிர் முன்னதாகவே இறங்கும். கிழக்கே மாலை வெளிச்சம் நெடுநேரம் நிற்கும், சூரியன் மறைவதும் அழகு, அதற்கு விலை அந்தக் காற்று. எந்தக் கரையானாலும் கயாக், பேடில் போர்டு எல்லாம் காலை 11 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

மேற்குக் கரையில் ஹைவே 89 ஓரமாக மூன்று ஸ்டேட் பார்க்குகள் இருக்கின்றன. டி.எல். பிளிஸ்ஸில் லெஸ்டர் பீச்சும், எமரால்டு பே வரை போகும் ரூபிகான் நடைபாதையும் அருமை. ஆனால் மேட்டில் இருக்கும் சைட் கிடைத்தால் பீச்சுக்கு இறங்கி ஏறுவது பெற்றோருக்குக் கஷ்டம். எமரால்டு பேயின் ஈகிள் பாயின்ட் மேட்டின் மேல் இருப்பதால் காட்சி உண்டு, தண்ணீரைத் தொடச் செங்குத்தாக இறங்க வேண்டும். இரண்டிலும் பாதை குறுகல், பெரிய ஆர்வி வண்டிகள் (உள்ளேயே தங்கும் வீட்டு வண்டிகள்) போகாது. உங்களுக்கு அது ஒரு லாபம்தான், ஜெனரேட்டர் சத்தம் குறையும். ஷுகர் பைன் பாயின்டில் உள்ள ஜெனரல் கிரீக் கேம்ப்கிரவுண்ட் ஏரிக்கு எதிர்ப்புறம், ஹைவேயைத் தாண்டி இருக்கிறது. காட்சி இல்லை, ஆனால் தரை ஓரளவு சமம், சைட்டுகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. ஓடை அருகில் என்பதால் ஜூன், ஜூலையில் கொசு இருக்கும், மருந்து மறக்காதீர்கள்.

தெற்கில் ஃபாலன் லீஃப். ஃபாரஸ்ட் சர்வீஸ் (மத்திய வனத்துறை) இடம், சுமார் 200 சைட், காசு போட்டால் வெந்நீர்க் குளியல். பக்கத்தில் அதே பெயரில் சின்ன ஏரி, டாஹோ பீச்சுகளுக்கு சைக்கிள் பாதை, மளிகைக்கும் மருத்துவமனைக்கும் சவுத் லேக் டாஹோ ஊர் கொஞ்ச தூரம்தான். நெவாடா பக்கம் உள்ள நெவாடா பீச்சில் மணல் அகலம், சைட்டிலிருந்து பீச்சுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் ஷவர் இல்லை, மதியக் காற்றும் முழுசாக வரும். டாஹோ சிட்டி அருகே வில்லியம் கென்ட் போன்றவை ஹைவேயை ஒட்டியவை. இரவு லாரிச் சத்தத்தில் தூங்கக்கூடியவர்களுக்கு மட்டும்.

உங்கள் ஆறு பேருக்கு முதலில் ஃபாலன் லீஃப், அடுத்து ஜெனரல் கிரீக் என்றுதான் சொல்வேன். பெற்றோர் இல்லாமல் போகும் வருடத்துக்கு பிளிஸ்ஸை வைத்துக்கொள்ளுங்கள். புக் செய்யும் முன் அந்த வருடம் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் வேலை, சாலை வேலை என்று ஒரு சீசன் முழுக்க மூடிவைப்பதும் உண்டு. பனி அதிகம் பெய்த வருடத்தில் ஜூன் வரைகூடத் திறக்க மாட்டார்கள்.

புக்கிங் இரண்டு தளங்களில் நடக்கிறது. ஃபாரஸ்ட் சர்வீஸ் இடங்களுக்கு ரெக்ரியேஷன் டாட் கவ், கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க்குகளுக்கு ரிசர்வ்கலிஃபோர்னியா. இரண்டிலும் 6 மாதம் முன்பு திறக்கும், முன்னதில் நம்ம நேரம் காலை 7 மணி, பின்னதில் 8 மணி. ஜூலை 12 வேண்டுமென்றால் ஜனவரி 12 காலை முன்கூட்டியே லாகின் செய்து, சைட் எண்கள் நான்கைந்தைக் குறித்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை சைட் ஏன் எப்போதும் காலியாகவே இருப்பதில்லை என்றால், புதன் அல்லது வியாழன் வருகை என்று போட்டவர் வார இறுதியையும் சேர்த்து முன்பே எடுத்திருப்பார். அதனால் ஞாயிறு முதல் வியாழன் வரை தேடினால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இப்போது தாமதமாகிவிட்டது என்றால் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் இடம் காலியானால் தெரிவிக்கும் அறிவிப்பு வைத்துவிடுங்கள். அங்கே ரத்து செய்ய 10 டாலர், வருகைக்கு முந்தைய நாளோ அன்றோ ரத்து செய்தால் முதல் இரவு வாடகையும் போகும். அதனால் போகும் தேதிக்கு ஓரிரு வாரம் முன்பிருந்து ரத்தான இடங்கள் விழத் தொடங்கும்.

சைட்டைத் தேர்ந்தெடுக்கும்போது டாய்லெட்டிலிருந்து மூன்று நான்கு சைட் தள்ளி எடுங்கள். ஒட்டினாற்போல் எடுத்தால் இரவெல்லாம் விளக்கும் கதவுச் சத்தமும், ரொம்பத் தள்ளி எடுத்தால் அம்மாவை நள்ளிரவு டார்ச்சோடு நெடுந்தூரம் நடத்திப் போக வேண்டும். டென்ட் போடும் தளத்தின் அளவையும் பாருங்கள். பத்துப் பேர் டென்ட் பல தளங்களில் அடங்காது, இரண்டு சின்ன டென்ட் எளிது. ஸ்டேட் பார்க்கில் ஒரு சைட்டுக்கு 8 பேர் வரை, ஃபாரஸ்ட் சர்வீஸில் சைட்டுக்குச் சைட் மாறும். இரண்டாவது காருக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். டென்டோடு வரும் மெல்லிய ஆணிகள் கருங்கல் சரளையில் வளைந்துவிடும், இரும்பு ஆணியும் சுத்தியலும் எடுத்துப் போங்கள்.

ஏரி மட்டமே 6,225 அடி உயரம். ஜூலையிலும் இரவு 40 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்கு இறங்கும். பலரும் செய்யும் தவறு வீட்டில் விருந்தாளிக்கு வைத்திருக்கும் காற்று மெத்தையைக் கொண்டுபோவது. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுழன்று உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், மேலே எத்தனை கம்பளி போட்டாலும் முதுகு நடுங்கும். ஆர் மதிப்பு (தரைக் குளிரைத் தடுக்கும் அளவு) 3-க்கு மேல் உள்ள ஸ்லீப்பிங் பேட், 20 டிகிரி ஃபாரன்ஹீட் என்று குறித்த ஸ்லீப்பிங் பேக் இரண்டும் வேண்டும். முட்டி வலி உள்ள அப்பாவுக்கு மடக்குக் கட்டில் சரி, அதன் மேலும் பேட் போட வேண்டும்.

சமையலில் இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அருகிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு மணிக்கணக்கில் வேகாமல் கிடக்கும், குக்கர் கொண்டுபோய் ஓரிரு விசில் கூட வையுங்கள். ஒரு பவுண்டு ப்ரொபேன் சிலிண்டர் இரண்டு பர்னரையும் முழுத் தீயில் எரித்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான், கணக்குப் போட்டு எடுங்கள். விறகு வீட்டிலிருந்து வேண்டாம், பூச்சி பரவும், அங்கேயே வாங்குங்கள். தீ அபாயம் அதிகமானால் விறகும் கரியும் முற்றிலும் தடையாகலாம், அப்போது மூடும் வால்வு உள்ள கேஸ் அடுப்புதான் கைகொடுக்கும்.

கரடி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். இங்கே கருங்கரடிகள்தான், கார்க் கதவைத் திறக்கத் தெரிந்தவை. ஒவ்வொரு சைட்டிலும் இரும்புப் பெட்டி இருக்கும். அரிசி, மசாலா, கூலர் மட்டுமல்ல, பற்பசை, தேங்காய் எண்ணெய், பிள்ளையின் லோஷன், கார் சீட்டுக்கடியில் கிடக்கும் பிஸ்கட் தூள் வரை வாசனை வரும் எதையும் காரிலோ டென்டிலோ விடக்கூடாது. பகலில் சைட்டை விட்டு நகரும்போதும் பெட்டியைப் பூட்டுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குழாயடியில் கொட்டாதீர்கள், ரசம் கொட்டிய இடம் ராத்திரி விருந்தாளியை அழைக்கும். அணில் போலிருக்கும் சிப்மங்குக்கும் தீனி போட வேண்டாம். 2021-ல் சிலவற்றில் பிளேக் கண்டு டெய்லர் கிரீக், மீக்ஸ் பே பகுதிகளைக் கொஞ்ச நாள் மூடினார்கள்.

அதே 2021 ஆகஸ்ட் 30-ல் கால்டார் காட்டுத் தீயால் சவுத் லேக் டாஹோ ஊரையே காலி செய்ய வேண்டியிருந்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் புகை ஏறலாம். கிளம்பும் முந்தைய நாள் ஏர்நவ் தளத்தில் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். 150-ஐத் தாண்டியிருந்தால் பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், ரத்துச் செலவைப் பார்க்க வேண்டாம். போகும் நாளில் தெற்குக் கரைக்கு யுஎஸ் 50, வடக்குக்கு ஐ-80. வெள்ளி மாலை கிளம்பினால் நான்கு மணி நேரப் பயணம் ஆறு மணி நேரமாகும், இருட்டில் டென்ட் போட வேண்டியிருக்கும்.