சிம்மை வீட்டில் வைப்பதா, டுபாய்க்குக் கொண்டுபோவதா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவர் அடுத்த மாதம் டுபாய்க்கு ஹோட்டல் வேலைக்குப் போகிறார், முதல் பயணம். அவருடைய டயலொக் எண்ணில்தான் வங்கி ஓடிபி, வட்ஸ்அப், ஜிமெயில் எல்லாம் கிடக்கின்றன. "சிம்மை நீயே வைத்துக்கொள், அங்கே அவன் வேறு எடுப்பான்" என்கிறார் மாமா. ஏஜென்சியில் நிற்கும் பையன் ஒருவர் 6,000 ரூபா தந்தால் போனை 'செட் பண்ணி', வட்ஸ்அப் கோல் எடுக்க விபிஎன்னும் (இணைய முகவரியை மறைத்துத் தடையைத் தாண்டும் ஆப்) தேவையான ஆப் எல்லாமும் போட்டுத் தருகிறாராம். எதைக் கேட்பது என்கிறார் தங்கச்சி.

சிம் அவரோடு போகட்டும். போன் அந்தப் பையனிடம் போகவே வேண்டாம்.

முதலில் சிம். வங்கியில் பணம் மாற்றும்போது வரும் ஆறு இலக்கக் குறியீடு, அதாவது ஓடிபி, அந்த எண்ணுக்குத்தான் வரும். சிம்மை வீட்டில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் அவர் உங்களுக்கு மெசேஜ் போட்டு, நீங்கள் போனைத் தேடிப் பார்த்து, குறியீட்டை வாசித்துச் சொல்லி முடிப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். அவர் இரவு வேலை முடிந்து 11 மணிக்குப் போனைத் தொடும்போது இங்கே 12.30, பிள்ளைகளோடு நீங்கள் நித்திரையில் இருப்பீர்கள். ஓடிபியை இன்னொருவருக்கு வாசித்துச் சொல்லும் பழக்கமே எனக்குப் பிடிக்காது, கணவருக்குச் சொல்லிப் பழகியவர்தான் ஒரு நாள் "வங்கியிலிருந்து பேசுகிறேன்" என்பவனுக்கும் சொல்லிவிடுகிறார்.

ஆகவே போனில் இரண்டு சிம் இடம் இருந்தால் ஒன்றில் இலங்கைச் சிம், மற்றதில் டுபாய்ச் சிம். புறப்படும் முன்பே, கொழும்பில் இருக்கும்போதே, ரோமிங்கை (இலங்கைச் சிம் வெளிநாட்டிலும் வேலை செய்யும் வசதி) போட்டுவிட வேண்டும், அங்கே போன பிறகு போடலாம் என்று விடாதீர்கள். ரோமிங்கில் இருக்கும்போது வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு வெட்டமாட்டார்கள். வெட்டுவது கோலுக்கும் டேட்டாவுக்கும்தான். போன் அமைப்பில் 'டேட்டா ரோமிங்' என்பதை அணைத்துவிடுங்கள், இலங்கை எண்ணுக்கு வரும் கோலை அவர் எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். மாமா, சித்தி எல்லோருக்கும் அந்த எண்ணுக்கு அடிக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

சிம் உயிரோடு இருக்க வேண்டும் என்பது அடுத்தது. முற்கொடுப்பனவுச் சிம்மில் நீண்டகாலம் ரீலோட் போடாமல் விட்டால் எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போய்ச் சேரலாம். அந்தப் புது ஆள் தன் போனில் வட்ஸ்அப் போட்டால் உங்கள் கணவரின் எண்ணில்தான் போடுவார், வங்கிக் குறியீடும் அவருக்குத்தான் போகும். எத்தனை நாள் என்பது இணைப்பு வகையைப் பொறுத்து மாறும், டயலொக்கில் #456# அடித்து மீதியைப் பார்த்தால் காலாவதி நாள் தெரியும். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துவைத்து நீங்களே இங்கிருந்து சிறு தொகை ரீலோட் போடுங்கள், தெருமுனைக் கடையில் போட்டாலும் போதும்.

சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிந்திருக்கிறது என்றும் பாருங்கள். நம்மவர்களில் பாதிப் பேர் பாவிப்பது அப்பாவின் பெயரிலோ, எப்போதோ சிம் வாங்கித் தந்த கடைக்காரர் பெயரிலோ உள்ள எண்தான். டுபாயில் போன் தொலைந்தால் மாற்றுச் சிம் பதிவில் உள்ளவருக்குத்தான் கிடைக்கும். அவர் இங்கே இருக்கும்போதே அடையாள அட்டையோடு சேவை நிலையத்துக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. மத்திய வங்கிக் கணக்குப்படி 2024 இல் வெளிநாட்டில் வேலைசெய்யும் நம்மவர்கள் இந்த நாட்டுக்கு அனுப்பியது ஏறத்தாழ 657 கோடி டொலர். அப்படி அனுப்பும் ஒருவர் டோஹாவிலிருந்து "என் தொலைபேசி எண்ணை மாற்றித் தாருங்கள்" என்று கேட்டால், "கிளைக்கு நேரில் வந்து படிவம் நிரப்புங்கள்" என்று பதில் வருகிறது. எங்கள் கடைக் கவுண்டருக்கு விடுமுறையில் வருபவர்களிடம் எத்தனை வருடமாக இந்தக் கதையைக் கேட்கிறேன். ஒரு எண்ணை மாற்ற விமானச் சீட்டா எடுப்பது? ஐக்கிய அரபு இராச்சியத்தில் வங்கிகள் 2025 இலிருந்து எஸ்எம்எஸ் குறியீட்டைப் படிப்படியாகக் கைவிட்டு, வங்கி ஆப்புக்குள்ளேயே உறுதிப்படுத்தும் முறைக்கு மாறி வருகின்றன. இங்கேயும் வெளிநாட்டில் இருப்பவருக்காவது அதை முதலில் செய்து கொடுத்திருக்கலாம். செய்யும்வரை அவர் போவதற்கு முன் வங்கிக் கிளைக்கு ஒரு தடவை போய், குறியீட்டை மின்னஞ்சலுக்கும் அனுப்ப முடியுமா, ஆப்பிலேயே உறுதிப்படுத்தும் வசதி இருக்கிறதா என்று இரண்டு கேள்வியும் கேட்டுவிட்டு வரட்டும். வீட்டுச் செலவுக்கு உங்கள் இருவர் பெயரிலும் ஒரு கூட்டுக் கணக்கு இருந்தால் பாதித் தலையிடி குறையும்.

அப்புறம் ஒரு விதிவிலக்கு. எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் இதில் மாட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவருடைய போன் ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தியது, அதுவும் அமெரிக்க மாடல் என்றால் அதில் சிம் தட்டே இல்லை. போனின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், ஊசி குத்தும் சிறு துளை இல்லையா? அப்படியானால் உங்கள் பிளாஸ்டிக் சிம்மை அதில் போடவே முடியாது. கொழும்பில் பாவித்த போன் விற்கும் கடைகளில் இந்த மாடல் தாராளமாகக் கிடைக்கிறது, விலை கொஞ்சம் குறைவு, வாங்குபவருக்கு ஏன் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. இசிம் (பிளாஸ்டிக் இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) ஆக்கிக்கொள்ளலாம்தான், இங்குள்ள நிறுவனங்களும் தருகின்றன, ஐபோன் 13 இலிருந்து இரண்டு இசிம்மும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆனால் இசிம் ஆக்கியதும் பழைய பிளாஸ்டிக் சிம் செத்துவிடும். டுபாயில் அந்தப் போன் தண்ணீரில் விழுந்தால், பிளாஸ்டிக் சிம் என்றால் கழற்றி நண்பரின் போனில் போட்டுக் குறியீட்டைப் பார்த்துவிடலாம். இசிம் என்றால் நிறுவனத்திடம் புதிதாகக் கேட்டு, தான்தான் என்று நிரூபித்து, அதுவும் இன்னொரு நாட்டிலிருந்து. அதனால் நான் சொல்வது: இலங்கை எண் பிளாஸ்டிக் சிம்மிலேயே இருக்கட்டும், டுபாய் எண்ணை இசிம்மாக எடுக்கட்டும், அங்குள்ள நிறுவனங்களான எடிசலாட், டு இரண்டும் இசிம் தருகின்றன. தட்டில்லாத போன் என்றால் வீட்டில் கிடக்கும் பழைய போன் ஒன்றில் இலங்கைச் சிம்மைப் போட்டு அவரது அறையில் வைத்துக்கொள்ளலாம், 4ஜி பிடிக்கும் போனாக இருக்கட்டும், 2ஜி மட்டும் பிடிக்கும் பழைய பட்டன் போனை நம்பிப் போக வேண்டாம். அமெரிக்க போன் என்றால் இன்னொன்று, அமைப்பில் போனைப் பற்றிய பக்கத்தில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் அது அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு பூட்டிய போன், வேறு எந்தச் சிம்மும் ஏறாது.

சரி, அந்தப் பையன் விஷயம்.

அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் 'செட் பண்ணுவது' என்றால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். போனை வாங்கிப் புதிதாக ஒரு ஜிமெயில் திறப்பார். கடவுச்சொல்லை அவரே வைப்பார், அவசரத்துக்கு மீட்பு எண் கேட்கும் இடத்தில் தன் எண்ணைப் போடுவார். பிறகு விபிஎன், ஏதோ ஒரு வட்ஸ்அப், ஏதோ ஒரு பணம் அனுப்பும் ஆப் என்று நாலைந்தைப் பிளே ஸ்டோரிலிருந்து எடுக்காமல் தன் போனிலிருந்து ஏபிகே கோப்பாக அனுப்பி ஏற்றுவார். ஏற்றும்போது போன் கேட்கும் அனுமதி எல்லாவற்றுக்கும் 'ஆம்' அழுத்துவார், அதில் எஸ்எம்எஸ் வாசிக்கும் அனுமதியும் இருந்தால் வங்கி ஓடிபி எங்கே போகும் என்று யோசியுங்கள். ஜிபி வட்ஸ்அப் போன்ற போலிப் பதிப்புகளைப் பாவித்தால் வட்ஸ்அப் நிறுவனமே அந்த எண்ணைத் தடைசெய்யும்.

சவூதியிலிருந்து நாலு வருடம் கழித்து வந்த ஒருவர் கடையில் வந்து நின்றது எனக்கு மறக்கவில்லை. போன் உடைந்துவிட்டது, புதுப் போனில் ஜிமெயிலைத் திறந்தால் மீட்பு எண்ணுக்குக் குறியீடு அனுப்புகிறது, அந்த எண் போகும்போது செட் பண்ணித் தந்த ஏஜென்சிப் பையனுடையது, பையன் வேலையை விட்டுப்போய்விட்டார், எண்ணும் இல்லை. அவர் ஊரில் இல்லாதபோது பிறந்த மகளின் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவர் தன் ஜிமெயிலைத் தானே வைத்துக்கொள்ளட்டும். மீட்பு எண்ணாக உங்கள் எண், மீட்பு மின்னஞ்சலாக உங்களுடையது. வட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குள் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்கப் பின் ஒன்று வைக்கட்டும், அதற்குள்ளேயே மின்னஞ்சலும் கொடுக்கட்டும். வட்ஸ்அப்பை டுபாய் எண்ணுக்கு மாற்றத் தேவையே இல்லை, இலங்கை எண்ணிலேயே அங்கே ஓடும், புதுப் போனில் போடும்போது மட்டும்தான் குறியீடு கேட்கும். கடவுச்சீட்டு, விசா, இங்கே கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம், மூன்றையும் படமெடுத்துக் கூகுள் டிரைவில் போட்டு உங்களோடு பகிரட்டும், 15 ஜிபி இலவசம்.

விபிஎன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப் மெசேஜ், குரல் பதிவு, படம் எல்லாம் போகும், கோல் மட்டும் போகாது, இணையக் கோலுக்கு அங்கே அனுமதி வேண்டும். அதைத் தாண்டத்தான் விபிஎன். 2021 இன் 34 ஆம் இலக்கச் சைபர் குற்றச் சட்டத்தில், குற்றம் செய்யவோ மறைக்கவோ இணைய முகவரியை மறைத்தால் சிறையும் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை தண்டமும் இருக்கிறது. வீட்டுக்குக் கோல் எடுத்தவரைப் பிடிப்பார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள். புது வேலைக்குப் போகும் ஒருவர் அந்தச் சந்தேகத்தை ஏன் சட்டைப்பையில் கொண்டுபோக வேண்டும்? இலவச விபிஎன் என்றால் உங்கள் பேச்சுப் போக்குவரத்து முழுவதும் யாரென்று தெரியாத ஒருவரின் சேர்வர் வழியாகப் போகிறது. கூகுள் மீட்டில் ஒரு இணைப்பை உருவாக்கி வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், இருவரும் அதை அழுத்தி முகம் பார்த்துக் கதைக்கலாம், இருவர் மட்டும் என்றால் 24 மணி நேரம் வரை இலவசம், மூன்று பேர் சேர்ந்தால் 60 நிமிடம். அங்கே அனுமதி உள்ள போட்டிம் ஆப்பும் இருக்கிறது, அதை இரு பக்கமும் போட வேண்டும்.

டுபாயில் இறங்கியதும் யாராவது "இந்தா சிம்" என்று நீட்டுவார்கள். எமிரேட்ஸ் அடையாள அட்டை கைக்கு வரும்வரை கோல் எடுக்க அது போதும், ஆனால் இன்னொருவர் பெயரில் உள்ள அந்த எண்ணில் எந்தக் கணக்கும் திறக்கக்கூடாது. அட்டை வந்ததும் தன் பெயரில் சிம் எடுத்து, அந்த எண்ணில்தான் யூஏஈ பாஸ் ஆப்பைப் பதிய வேண்டும், அது அந்த நாட்டில் அவருடைய கையெழுத்து மாதிரி. "நான் பதிந்து தருகிறேன்" என்று மேற்பார்வையாளர் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. தொழில் அமைச்சின் மொஹ்ரே ஆப்பில் தன் ஒப்பந்தத்தைத் தானே பார்க்கலாம், சம்பளம் இங்கே கையெழுத்திட்டதைவிடக் குறைந்திருந்தால் அங்கேதான் தெரியும். அப்படி நடந்தால் நீங்கள் இங்குள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 ஐ அழைத்துச் சொல்லலாம். கூகுள் மெப்பில் தங்குமிடம் இருக்கும் பகுதியை ஒஃப்லைனில் இறக்குவது, டிரான்ஸ்லேட்டில் அரபியைச் சேர்ப்பது எல்லாம் வைஃபை இருக்கும் இடத்தில் பத்து நிமிட வேலை.

புறப்பட ஒரு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள். ரோமிங் போட்டாயிற்றா, வங்கி ஆப்பில் உங்களுக்கு 100 ரூபா அனுப்பினால் ஓடிபி வருகிறதா, ஒருவர் முன்னறையிலும் மற்றவர் குசினியிலும் இருந்து மீட்டில் பேச முடிகிறதா, ஜிமெயிலின் மீட்பு எண்ணில் உங்கள் கடைசி இரண்டு இலக்கம் தெரிகிறதா. ஏதாவது ஒன்று சரிவராவிட்டால் திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறிப் போய்க் கவுண்டரில் சரிசெய்துவிடலாம்.