கொரோனாவில் பிஎச்.டி.: அவகாசம் வந்தது, உதவித்தொகை வரவில்லை

கேள்வி: கொரோனா காலத்தில் ஆய்வுப் படிப்பில் இருந்தவர்களின் வீடுகளில் மனநிலை எப்படி இருந்தது? படிப்பை மதிப்பிடும் முறை அந்த அழுத்தத்தைக் கூட்டியதா, குறைத்ததா?

என் வீட்டில் கூட்டியது. ஒரே ஒரு இடத்தில் குறைத்தது, அதையும் சொல்கிறேன்.

2016 ஜனவரியில் பொருளியலில் சேர்ந்தேன். திருநெல்வேலிப் பக்கம், முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களின் கூலியும் கடனும்தான் தலைப்பு. ஜே.ஆர்.எஃப்., அதாவது ஆய்வு மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகை, கிடைத்திருந்தது. அதில் முதல் இரண்டு வருடம் ஜே.ஆர்.எஃப்., அடுத்த மூன்று வருடம் அதன் மேல்நிலையான எஸ்.ஆர்.எஃப்., மொத்தம் ஐந்தே வருடம். 2019-லிருந்து எனக்கு எஸ்.ஆர்.எஃப். மாதம் 35,000 ரூபாயாக இருந்தது. மாதாமாதம் வராது, சேர்ந்து சேர்ந்து வரும். ஆனாலும் வரும்.

வீட்டுக்காரருக்கு ஆம்னி பஸ் புக்கிங் ஆபீசில் வேலை. 2020 மார்ச் கடைசியில் பஸ் நின்றது, அதோடு சம்பளமும் நின்றது. அத்தைக்குச் சர்க்கரை. பையன் இரண்டாம் வகுப்பு. வீட்டில் உருப்படியான போன் ஒன்றுதான். காலையில் அது பையனின் ஆன்லைன் வகுப்புக்கு, மதியம் எனக்கு, ராத்திரி அவருக்கு. அவர் அதில் செய்தி பார்த்துப் பார்த்தே தூக்கத்தைத் தொலைத்தார். இரண்டு மணிக்கு எழுந்து மொட்டைமாடியில் போய் நிற்பார். கேட்டால் "புழுக்கமா இருக்கு" என்பார், டிசம்பர் மழையிலும் அதே பதில்தான். பையன் மூன்று வயதில் விட்ட பழக்கம் திரும்ப வந்து, படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். அத்தை அதற்கும் என் படிப்பைத்தான் காரணம் சொன்னார். பாதி உண்மைதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை டி.சி. மீட்டிங். டாக்டோரல் கமிட்டி முன்னால் உட்கார்ந்து வேலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். படிவத்தில் கள ஆய்வு எத்தனை சதவீதம், எத்தனை அத்தியாயம், எத்தனை கட்டுரை என்று கட்டங்கள் இருக்கும். கூகுள் மீட்டில் நடந்த முதல் மீட்டிங்கில், பின்னால் குக்கர் விசில் அடிக்க, "போன தடவையும் முப்பது சதவீதம், இந்தத் தடவையும் முப்பது சதவீதமா?" என்று ஒருவர் கேட்டார். ஊரே அடைத்துக் கிடந்தது அவருக்கும் தெரியும். ஆனால் அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாதது நடக்காதது மாதிரிதான். அந்த மீட்டிங்குக்கு முந்தைய வாரமெல்லாம் வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் நான் எரிந்து விழுவேன்.

அப்புறம் அவகாசம். ஆய்வேட்டைக் கொடுக்க ஆறு மாதம் கூடுதல் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்தது, பிறகு திரும்பத் திரும்ப நீட்டித்து 2022 ஜூன் வரை கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் உதவித்தொகை ஐந்து வருடத்துக்கு மேல் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். எனக்கு 2021 ஜனவரியோடு பணம் நின்றது. மே மாதம் இரண்டாம் அலை, திரும்ப முழு ஊரடங்கு. படிப்புக்கு நாள் கிடைத்தது, அந்த நாட்களில் சாப்பிட வழி இல்லை. நகை அடகுக்குப் போனது அப்போதுதான்.

அந்த நேரம் பார்த்துக் கட்டுரைப் பிரச்சினை. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும், அதுவும் தரமானவை என்று யுஜிசி அப்போது வைத்திருந்த 'கேர்' பட்டியலில் உள்ள இதழில் வேண்டும் என்றார்கள். நல்ல இதழுக்கு அனுப்பினால் பதில் வரவே எட்டு மாதம். மூவாயிரம் ரூபாய் கட்டினால் இரண்டு வாரத்தில் போடுகிறேன் என்று ஒரு இதழ். கட்டினேன். அந்தக் கட்டுரையை இன்று யாரிடமும் காட்ட மாட்டேன். மருந்துக்கு வைத்திருந்த பணம் அது என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்த அன்று, கல்யாணமான நாளிலிருந்து கேட்காத குரலை வீட்டில் கேட்டேன்.

மறுநாள்தான் அரசின் உதவி எண் 104-க்கு போன் செய்தேன். உடல்நலத் தகவலுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன், மனநல ஆலோசனையும் அதில் உண்டு. (இப்போது இதற்கென்றே 14416 இருக்கிறது, 2022 அக்டோபரில் தொடங்கினார்கள்.) அவர்கள் சொல்லித்தான் அவரை அரசு மருத்துவமனை மனநல ஓ.பி.க்குக் கூட்டிப் போனேன். டாக்டர் அவரோடு பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்க எத்தனை மணிக்குத் தூங்குறீங்க?" என்றார். அதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி. ஓ.பி. சீட்டு எனக்கும் ஒன்று போட்டார்கள். மாத்திரை அவருக்கு நாலைந்து மாதம் ஓடியது.

இனி, குறைத்த இடம். களத்துக்குப் போக முடியாமல் அந்தப் பெண்களுக்கு போன் போட ஆரம்பித்திருந்தேன். "டீச்சர், இலையும் வரல, தூளும் வரல, உங்க போன் மட்டும் வருது" என்றார் ஒரு அக்கா. வினாநிரலை மூடி வைத்துவிட்டுப் பேசினோம். பீடிக்கடை மூடியதும் முதலில் எந்தக் கடனை நிறுத்தினார்கள், எதை நிறுத்த முடியவில்லை, எல்லாம் சொன்னார்கள். அடுத்த மீட்டிங்கில் பயந்துகொண்டே, 300 பேரைப் பார்க்க முடியாது, 180 பேர்தான் முடியும், பாதி போனில் என்று சொன்னேன். கமிட்டியில் அதிகம் பேசாத ஒரு மேடம், "குறைச்சதை மறைக்காதீங்க. ஏன் குறைஞ்சதுன்னு எழுதுங்க, ஊரடங்கையே தனி அத்தியாயமா வைங்க" என்றார். என் ஆய்வேட்டில் உருப்படியான அத்தியாயம் அதுதான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மதிப்பிடுகிறவர் கட்டத்தை விட்டு வெளியே வந்தால் ஆய்வும் மாறுகிறது, வீடும் கொஞ்சம் மூச்சு விடுகிறது. ஆனால் எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தது அதிர்ஷ்டம், விதி இல்லை.

2022 ஜூனில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். அதே வருடம் நவம்பரில் யுஜிசி புது விதிமுறை கொண்டுவந்தது. சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன்.

"அப்போ அந்த மூவாயிரத்தத் திருப்பிக் கேளு" என்றார்.